என் ஓ குரூப் ரத்தமும் ஒரு பை கருமொச்சையும்

ஒருவரோடு பத்து வருஷத்துக்கு மேல் பழகி, அத்தனை வருஷமும் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அது சரியா என்று சரிபார்த்தீர்களா?" என்று எங்கிருந்தாவது ஒரு கார்டு வந்துவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ், அப்புறம் நான். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு தை மாதம் காலையில் அவர் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பது முப்பத்திரண்டு. கசங்கிய காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், தோளில் ஒரு துணிப்பை.

"கொஞ்சம் ஓ குரூப் ரத்தம் வேணுங்க. அஞ்சு மில்லி போதும்."

"யாருக்குங்க ஏத்தணும்?"

"யாருக்கும் இல்லைங்க. மொச்சைக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்திருப்பது நோயாளியோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். ஆனால் மேஜைமேல் எங்கள் ஆஸ்பத்திரித் தலைமை சிஸ்டரின் கையெழுத்தோடு ஒரு சீட்டை வைத்தார். 'இவர் பெங்களூரில் ஆராய்ச்சி செய்பவர், வேண்டியதைச் செய்து கொடுக்கவும்' என்றிருந்தது. சரி, மொச்சைக்கே கொடுப்போம் என்று, "ஓ குரூப் ஆளைத் தேடணுங்க, நான் பி பாசிட்டிவ்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்தக் கேள்வியை என்னிடம் முதல் முறை கேட்டது அப்போதுதான். "காலேஜ்ல என் ஃபிரண்டு பாத்துச் சொன்னான்" என்றேன்.

"நீங்க பாக்கலையா? ஊருக்கெல்லாம் நீங்கதானே பாக்கறீங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ரோஷத்தில் அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ். மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஓ. முப்பத்திரண்டு வருஷம் உடம்புக்குள் ஓடிய ரத்தம் என்ன ரத்தம் என்று தெரியாமல், அதுவும் லேப் கோட்டுப் போட்டுக்கொண்டு, இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் மனைவி, "அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னதுல வேற எதெல்லாம் பொய்யி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எட்டு வருஷம், தை மாதம் தோறும், என் ரத்தம்தான் அவருடைய மொச்சைக்குப் போனது.

அவர் எங்கள் பக்கத்துக்காரர்தான். சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அப்பா அம்மா இல்லை. அண்ணன் காட்டைப் பார்த்துக்கொண்டார், அண்ணி மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவர் பெங்களூரில் உயிர்வேதியியல் படித்து, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையில் இருந்தார். புரதங்களின் உருவம் என்ன, அந்த உருவத்தால் அவை என்ன வேலை செய்கின்றன என்பது அவருடைய படிப்பு. ஊரில் டாக்டரம்மா என்று பெயர். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்.

எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் மட்டும் விளைகிற கருமொச்சையில் ஒரு புரதம் இருப்பதை அவர் கண்டிருந்தார். மொச்சைச் சாற்றை ஒரு துளி வெள்ளைப் பீங்கான் ஓட்டுக்கல்லில் விட்டு, அதன்மேல் என் ரத்தம் ஒரு துளி. அந்தப் புரதம் இருந்தால் ரத்தம் ரவை ரவையாகத் திரிந்து நிற்கும். இல்லாவிட்டால் வழுவழுவென்று அப்படியே இருக்கும். பெங்களூருக்குக் கொண்டுபோகும் முன்னால் எந்தப் பையில் எவ்வளவு வீரியம் என்று இங்கேயே பார்த்துக்கொள்வார்.

புரதம் என்றால் எனக்குச் சத்துணவுக்கூடத்துச் சுண்டல்தான். அதைச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் மேஜையில் இருந்த ஜெபமாலையைச் சட்டென்று எடுத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. வீட்டுப் பெரியவர்கள்கூட முத்தமிட்டு எடுக்கிற பொருள்.

"இந்த மணிங்க வரிசை மாறாது, சரிங்களா?" என்று நீட்டிப் பிடித்தார். பிறகு உள்ளங்கைக்குள் சுருட்டி மூடித் திறந்தார். "இப்ப பாருங்க. முதல் மணியும் முப்பதாவது மணியும் பக்கத்துல வந்துருச்சு. நடுவுல ஒரு குழி விழுந்திருக்குது பாருங்க, அந்தக் குழியிலதான் வேலை நடக்குது. வேறமாதிரி சுருட்டுனா வேற குழி, வேற வேலை. வேகவெச்சா சுருள் அவுந்துடும். அதனாலதான் பச்சை மொச்சை வயித்தைக் கலக்குது, வெந்த மொச்சை கலக்கறதில்லை. இது எப்படிச் சுருண்டிருக்குதுன்னு தெரியணும் எனக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, பிறகு அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். ஜெபமாலையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். "மாட்டாருங்க" என்றேன். வாய் திறந்தார். "தெரியாதுங்க, தெரியாதுங்க" என்று நானே முந்திக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை. அண்ணன் தீர்த்தமலைக்குப் போய் பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்தார். வருஷக்கணக்கானாலும் கெடாது என்றார். "எப்படிண்ணா தெரியும்?" அண்ணன் முகம் சிவந்துவிட்டது. மறுநாள் அந்தத் தீர்த்தம் ஒரு பாட்டில், எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டும் சீல் வைத்து என் அலமாரியில் உட்கார்ந்தன. அடுத்த தையில் அண்ணன் நேரில் வந்து நிற்க, இவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தீர்த்தம் கெடவில்லை. அண்ணன் கும்பிட்டார். குழாய்த் தண்ணீரும் கெடவில்லை. இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே சோதனையில் இரண்டு பேருக்கும் திருப்தி கிடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. மேஸ்திரி வேலைக்கு வெளியூர் போய்த் திரும்பிய ஓர் ஆள் குளிர்காய்ச்சலோடு வந்திருந்தார். ஸ்லைடைப் பார்த்து, மலேரியா இல்லை என்று எழுதிவிட்டேன். ஓட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "ஸ்லைடுல எத்தனை இடம் பாத்தீங்க?" என்றார்.

"பாக்க வேண்டிய அளவு பாத்தேங்க." இருபது இடம்கூடப் பார்த்திருக்கமாட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம்.

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எரிச்சலோடு மறுபடி உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டி எங்கேயோ ஓரிடத்தில், ஒரு சிவப்பணுவுக்குள் மோதிரம்போல அது உட்கார்ந்திருந்தது. ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். அந்த ஆள் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தார். அவரை நிறுத்திக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுத் திரும்பியபோது இவர் ஓட்டுக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இந்த வேலையில் நான் இருந்தவரை நூறு இடம் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதியது கிடையாது.

தன்னிடமும் அவர் அதே கறார்தான். குழாய்களில் எது எது என்று என்னை விட்டு நம்பர் எழுதச் சொல்லுவார். "எனக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா என் கண்ணு எனக்குச் சாதகமா பாத்துடும்." எதையும் மூன்று முறை செய்வார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. 'நான் செய்தது தப்பாக இருந்தால்?' என்று தலைப்பு. அதில் ஏதாவது எழுதாமல் பக்கத்தைத் திருப்பமாட்டார்.

நடுவில் ஒரு வருஷம் மட்டும் மொச்சை வேலை செய்யவில்லை. என் ரத்தம் வழுவழுவென்றே இருந்தது. மூன்று முறையும் அப்படியே. அவர் முகம் செத்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் பக்கம் பொட்டு மழை இல்லை. "மழை இல்லைங்க, அதான் சத்து இறங்கலை" என்றேன் அடித்துச் சொல்லுகிற மாதிரி. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. களைத்துப்போயிருந்தார் என்று நினைக்கிறேன். 'வறட்சி' என்று நோட்டில் எழுதினார். அவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

ஏழாவது வருஷம் ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. 'படிகம் வந்துவிட்டது' என்று ஒரே வரி. அந்தப் புரதம் உப்புக்கல்போலப் படிந்தால்தான் அதற்குள் எக்ஸ்ரே விட்டு அதன் உருவத்தைப் பார்க்க முடியும். அதற்காகத்தான் இத்தனை வருஷம். தையில் வரும்போது ஒரு ஃபிலிமைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக. புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடாமல் போனதுபோல இருந்தது. "இந்தப் புள்ளியிலிருந்து கோலத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும்" என்றார். என் கையில் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் என் ரத்தமும் கொஞ்சம் இருந்ததே.

அடுத்த வருஷத்துக்குள் கோலம் வந்துவிட்டது. வந்த கோலம் அவரையே அதிரவைத்தது. ஆமணக்கு விதையில் ஒரு விஷப் புரதம் உண்டு. அதன் உருவத்தை வெளிநாட்டில் கண்டிருந்தார்கள். அதுவும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள். எங்கோ இருக்கிற மொச்சைக்கும் எங்கோ இருக்கிற ஆமணக்குக்கும் ஒரே முகஜாடை! உலகத்தில் யாரும் சொல்லாத செய்தி. கட்டுரை வெளிவந்தது. அவருக்கென்று தனி லேப் தருவதாகப் பேச்சு நடந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாராட்டுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தார்கள்.

கூட்டத்தை வைத்தவர்கள் அவர் வழக்கமாக வருகிற நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். எல்லாம் அதனால் வந்தது.

அன்று காலை பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவரை என் மொபெட்டிலேயே அவர் ஊருக்குக் கூட்டிப்போனேன். அண்ணி எனக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லியிருந்தார். எப்போதும் அவர் வருவதற்குள் மொச்சையைத் தயார்செய்து, பையில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அன்று தயாராகவில்லை. கொல்லையில் அண்ணி உரலருகே உலக்கையோடு நின்றிருந்தார்.

"வா பாப்பா. வாங்க தம்பி. இன்னும் ரெண்டு நாள்ல ஆயிடும். ஊறவெச்சிக் காயவெச்சாச்சி, குத்தித் தோல் எடுக்கறதுதான் பாக்கி. முழுசா குடுத்தா அவ அங்க குந்திகினு ஒண்ணொண்ணா உரிக்கணுமில்ல, பாவம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். "என்னாங்க, உரலு எண்ணெ வெச்ச தலையாட்டம் மின்னுது?" என்றேன்.

"நேத்து கொட்டமுத்து இடிச்சேங்க, வெளக்கெண்ணெ காச்சறதுக்கு" என்றார் அண்ணி. கொட்டமுத்து என்றால் எங்கள் பக்கத்தில் ஆமணக்கு விதை. "அதை இடிச்ச கையோட மொச்சையைப் போட்டுருவேன். உரலைக் கழுவவே மாட்டேன். அந்தப் பிசுக்கு ஒட்டுச்சின்னா மொச்சையில வண்டு உழாது பாருங்க. பெங்களூர் போயி மாசக்கணக்கா இருக்கணுமே. இத்தினி வருசத்துல ஒரு வண்டு உழுந்திருக்குதான்னு கேளுங்க பாப்பாவ!"

வருஷத்துக்கு வைக்கிற பயறில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. நான் கேட்டுத் தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் மெதுவாக எனக்குள் ஏதோ விழுந்தது. திரும்பி அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் உரலுக்குள் கையை விட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சோறு போடுங்க அண்ணி. பசிக்குது."

முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். ரசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. கிளம்பும்போது காட்டில் இறங்கி, செடியில் காய்ந்து நின்ற மொச்சைக்காயை ஒரு கைப்பிடி பறித்துத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டார். அதற்குள் அண்ணி ஒரு ஈடு குத்தியிருந்தார், அதில் ஒரு பிடி. கொட்டமுத்து நாலு.

லேபில் புது பிளேடு எடுத்துக் காட்டு மொச்சையை அவரே தோல் உரித்தார். மூன்றையும் தனித்தனியாக அரைத்தோம். "நம்பர் போடுங்க. எனக்குச் சொல்லாதீங்க" என்று சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஒன்று, காட்டு மொச்சை. இரண்டு, உரல் மொச்சை. மூன்று, கொட்டமுத்து. என் விரலைக் குத்தினேன். மூன்று சாறும், மூன்று துளி ரத்தமும்.

இரண்டும் மூன்றும் திரிந்தன. ஒன்று வழுவழுவென்று அப்படியே இருந்தது.

அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "ஒண்ணு திரியலை. மத்தது ரெண்டும் திரிஞ்சிருக்கு" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. "ஒண்ணு எது?"

எட்டு வருஷம் அந்த ஓட்டுக்கல்லில் கிடந்தது. நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் அது இருந்தது. எது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாழ்க்கையில் ரிப்போர்ட்டில் பொய் எழுதியதில்லை. ஆனால் அந்த நிமிஷம் என் வாய் தானாகத் திறந்தது.

"கொட்டமுத்துங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"லேப்காரரே, கொட்டமுத்து திரியும்னு ஊர் உலகத்துக்கே தெரியும். பொய் சொல்றவரு கொஞ்சம் யோசிச்சாவது சொல்ல வேணாமா?"

மறுபடி அவரே நம்பர் போட்டு, நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்க, இரண்டாம் முறை. பிறகு மூன்றாம் முறை. காட்டு மொச்சை மூன்று முறையும் வாயைத் திறக்கவில்லை. அதில் ஒன்றும் கிடையாது. எட்டு வருஷமாக அவர் பிரித்து, சுத்தம் செய்து, படிகமாக்கி, உருவம் கண்டது அத்தனையும் உரலில் ஒட்டியிருந்த ஆமணக்கு. இரட்டைப் பிள்ளை இல்லை. ஒரே பிள்ளை.

"அந்த வறட்சி வருஷம்" என்று ஆரம்பித்தார். "அண்ணி அவங்க அப்பாவுக்கு முடியலைன்னு அரூர்ல மூணு மாசம் இருந்தாங்க. நான்தான் குத்தாத முழு மொச்சையை எடுத்துட்டு வந்து இங்க அரைச்சுப் பாத்தேன். குத்துன மொச்சை இல்லை அது."

மழை இல்லை என்று சொன்னவன் நான். நிச்சயமாகச் சொன்னேன். அன்று அவர் என்னைக் கேட்டிருந்தால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று ஒரு முறை கேட்டிருந்தால், நாலு வருஷமாவது மிச்சமாகியிருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தானேங்க தெரியும்" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"எனக்குத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு ஓட்டுக்கல்லைக் கழுவப் போனார்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. மைக் செட், சாமியானா, பொன்னாடை எல்லாம் தயார். அண்ணனும் அண்ணியும் முன் வரிசை. நான் ஓரத்தில் நின்றேன். ஹெட்மாஸ்டர் அரை மணி நேரம் புகழ்ந்தார். அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னது தப்புங்க. மொச்சையில அப்படி ஒண்ணு இல்லை. எட்டு வருசம் நான் பாத்தது வேற ஒண்ணு. இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சது. பெங்களூருக்கும், கட்டுரை போட்டவங்களுக்கும் எழுதிடுவேன். உங்ககிட்ட முதல்ல சொல்றேன். மன்னிச்சுக்குங்க."

அடுத்த நொடி மைதானமே கை தட்டியது. விசில் அடித்தார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, இதுதான் பெரியவங்க அடக்கம்!" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அதற்கும் தட்டினார்கள். பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். ஒரு மனுஷி தன் வாழ்க்கையே கையைவிட்டுப் போனதைச் சொல்லுகிறார், ஊரே சந்தோஷமாகக் கை தட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் கை தட்டாதவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கூட்டம் கலைந்தபோது அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு தப்புங்கிறியே பாப்பா, என்னாதான் ஆச்சி?"

எதையும் மறைக்கத் தெரியாத ஆள். சொல்லிவிடப்போகிறார், இந்தம்மா உடைந்துவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"பெங்களூர் லேப்புல ஒரு பாத்திரத்தைச் சரியா கழுவாம வெச்சுட்டேன் அண்ணி. அதுல ஒட்டியிருந்தது கலந்துருச்சு. என் தப்புதான்."

முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. மதியம் என்னுடைய பொய்யைப் பிடித்தவர், எவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னார்! மைதானத்தில் கேட்டதைவிட அது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

"நீ சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றார் அண்ணி. "பாத்திரம் கழுவச் சொன்னா பாதியோட போயிடுவ. இனிமேலாச்சும் கழுவி வெச்சுக்க."

"சரி அண்ணி."

சொன்னபடி எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 'என் அஜாக்கிரதையால்' என்று மட்டும் காரணம் போட்டிருந்தாராம். தனி லேப் போயிற்று. அடுத்த தையில் வந்தார். காட்டில் அவரே தோலோடு மொச்சை பறித்துத் தனிப் பையில் கட்டிக்கொண்டார். ஆரம்பத்திலிருந்து தொடங்கப்போகிறேன் என்றார். அண்ணி குத்திக் கொடுத்த பையையும் வாங்கிக்கொண்டார். பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, "அது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"வேகவெச்சுத் திங்கறதுக்கு" என்றார். "அண்ணி குத்துன மொச்சை மாதிரி எங்கயும் கிடைக்காதுங்க." ரயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் வந்தார். பிறகு வடக்கே ஏதோ ஊருக்கு வேலை மாறிப்போனார். கார்டு வருவது குறைந்தது, நின்றது.

ரொம்ப நாள் கழித்து அண்ணி ஒரு காலையில் சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தார். தலை வெளுத்திருந்தது. அவர் விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே பேச்சுக்கு, "மொச்சையெல்லாம் இப்ப யாருக்கு அனுப்பறீங்க?" என்றேன்.

"யாருக்குங்க அனுப்பறது" என்றார். பிறகு, "அவ கடைசியா வந்த வருசங்கள்ல எல்லாம் வண்டு உழுந்த மொச்சையைத்தான் தின்னிருப்பா தம்பி. ஒரு வார்த்தை சொல்லலை" என்றார்.

"வண்டா? உங்க மொச்சையிலயா?"

"உரலைச் சுடுதண்ணி ஊத்தி, சாம்பலு போட்டுத் தேய்ச்சிக் கழுவிட்டில்ல குத்துனேன். அந்தக் கூட்டம் நடந்த வருசத்துல இருந்து. அப்பறம் வண்டு உழாம என்னா பண்ணும்?"

பஞ்சைக் கீழே வைத்தேன். அன்றைக்கு மைதானத்தில் இந்தம்மா கை தட்டினாரா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். மடியில் கோத்தபடி அந்தக் கைகள் இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

"லேப்புல பாத்திரம் கழுவலைன்னுதானேங்க சொன்னாங்க" என்றேன். "உரல்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி விரலை நீட்டியபடியே இருந்தார்.

"எதுக்கெடுத்தாலும் எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு கேக்கறவ தம்பி அவ. அன்னிக்கு உரலுக்குள்ள கையை உட்டு மோந்து பாத்தா. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலை. சோறு போடுங்க அண்ணின்னா."

விரலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "குத்துங்க தம்பி, பஸ்ஸு வந்துரும்" என்றார்.